நான்கு விநாடி பிந்திய பதில்

அம்ஹாவின் பத்து விரல்களும் இறாலில் இருந்தன. தலையைக் கிள்ளி எறிந்து, ஓட்டை உரித்து, முதுகைக் கத்தி நுனியால் கீறி, கறுப்புக் குடலை இழுத்துவிட்டுப் பாத்திரத்தில் போட்டாள். ஒரு கிலோ இறால். பாதி அவள் வீட்டுக்கு, பாதி ஜெஸீம் மாமா வீட்டுக்கு. சுகமில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

ஜெஸீம் அவளுடைய உம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. கல்முனைக்கும் கொழும்புக்கும் இடையில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். ஏழு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் விழுந்துவிட்டன. நான் ஓய்வுபெற்ற தாதி; ஊரில் எல்லோருக்கும் மிஸி. காலையில் ஒரு தடவையும் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவையும் அவர் வீட்டுக்குப் போய்க் கைகால்களை மடக்கி நீட்டி விடுகிறேன். அதனால் இந்தக் கதையில் பாதியை நான் கண்ணால் கண்டேன். மற்றப் பாதியை அம்ஹாவே சொன்னாள். எழுதுங்கள் என்றும் சொன்னாள்.

அம்ஹாவுக்கு முப்பத்து நான்கு வயது. சாய்ந்தமருதில் பிறந்து வளர்ந்தவள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் பதின்மூன்று வயது. வீடு போனது. அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை, நானும் கேட்டதில்லை. கணக்கில் கெட்டிக்காரி. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தாள். பிறகு கொழும்பில் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் நான்கு வருடம் வேலை செய்தாள். கல்யாணம் முடிந்தது. எங்கள் ஊர் வழமைப்படி மாப்பிள்ளை முர்ஷித் அவள் வீட்டுக்கு வந்து குடியேறினார். இரண்டு பிள்ளைகள் ஆனதும் கொழும்பை விட்டாள், வேலையை விடவில்லை. முன்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் கதவைச் சாத்திக்கொள்வாள். அயலவர்கள் அவள் ஏதோ வங்கி வேலை செய்வதாக நினைத்திருந்தார்கள்.

அவள் செய்தது இதுதான். பாரிசவாதம் வந்தவர்களைக் குழு ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைக்கும். செயலிழந்த கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, கண்ணுக்கு முன்னால் பச்சை வட்டம் தெரிந்தால் ஒரு தடவை அமுக்கச் சொல்லும். அமுக்கினால், மூளையில் அந்தக் கையை ஆட்டுகிற இடத்துக்கு இரத்தம் கூடுதலாக ஓடும். உடனே ஓடாது. ஐந்தாறு விநாடியில் உச்சத்துக்கு ஏறி, மெல்ல வடிந்து, பழைய மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கி, இருபது விநாடிக்குள் சமநிலைக்கு வரும். அந்த ஏற்ற இறக்கத்தை ஒவ்வொருவருடைய மூளையிலிருந்தும் ஒரு கோடாக எடுத்துக் கொடுப்பவள் அம்ஹா.

முர்ஷித் நீர்ப்பாசன வேலையில் இருப்பவர். அவர் எனக்கு இதை ஒரே மூச்சில் விளங்கப்படுத்தினார்.

"மடையை ஒருக்கா திறந்து மூடினா, கடைசி வயலுக்குத் தண்ணி எப்ப வரும், எவ்வளவு ஏறும், எப்ப வத்தும் எண்டு பாக்கிற மாதிரித்தான் மிஸி. இவட வயல் மண்டைக்குள்ள இரிக்கி. அவ்வளவுதான்."

கோட்டை எடுக்க இரண்டு வழி உண்டு. எல்லோருக்கும் கோட்டின் வடிவம் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு, அந்த அச்சை வட்டம் தெரிந்த நேரத்தில் பொருத்தி, உயரத்தை மட்டும் அளக்கலாம். அல்லது எந்த வடிவத்தையும் முன்கூட்டி நினைக்காமல், முதல் விநாடியில் எவ்வளவு, இரண்டாவதில் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்கலாம். இரண்டாவது வழியில் கோடு தள்ளாடும், நேரமும் பிடிக்கும். குழு முதலாவதைத் தெரிவுசெய்தது. கோடு எழும்பியவர்களுக்கு ஆறு மாதக் கைப்பயிற்சி. கல்முனையிலேயே, கிழமைக்கு மூன்று நாள், நல்ல கருவிகளோடு. கோடு எழும்பாதவர்களுக்கு அது இல்லை.

அம்ஹாவுக்கு வந்தவை இலக்கங்கள். பெயர்கள் வருவதில்லை. எங்கள் கரையிலிருந்து போன ஏழு பேரில் நான்கு இலக்கங்களுக்கு நேரே "பதில் இல்லை" என்று அவள் ஒரு மாதத்துக்கு முன் எழுதினாள். இறால் உரித்த நாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குப் பயிற்சிக்கானவர்களின் பட்டியலை மூடுவதாக இருந்தது. அவள் பங்கு முடிந்துவிட்டது. அதனால்தான் அன்று பிற்பகல் இறால் உரிக்க நேரம் கிடைத்தது.

அவள் வரும்போது நான் ஜெஸீமின் காலை மடக்கிக்கொண்டிருந்தேன். கையை அவர் தருவதில்லை. ஒரு மாதத்துக்கு முன்புவரை தந்தார். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வந்தன. பிறகு கிளினிக்கில், மூளையில் பதில் இல்லை, பயிற்சிக்குத் தெரிவாகவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து, "காலப் பாருங்க மிஸி. கைய உடுங்க. அது மௌத்து" என்பதுதான் அவர் பேச்சு; செத்த கை என்று முடிவு கட்டிவிட்டார். சும்மா கிடந்த கை உள்ளுக்குச் சுருண்டு, மணிக்கட்டு இறுகத் தொடங்கியிருந்தது. நான் பலமுறை சொன்னேன். அவர் கேட்கவில்லை. படித்தவர்கள் இயந்திரத்தால் பார்த்துச் சொன்னதற்கு எதிராக என் பேச்சு எம்மாத்திரம்?

ஜெஸீமின் மனைவி சுல்பிகா இறால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்து வந்த அம்ஹாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஊர்லதான் இரிக்கயா புள்ள? ரெண்டு ஒழுங்க தாண்டி வாறத்துக்கு ஒரு மாசம் எடுத்திரிக்கி. மாமாட பஸ்ஸும் இப்பிடித்தான் வந்த."

"என்ர பஸ் நேரத்துக்கு வந்த கா," என்றார் ஜெஸீம். வாய் கோணி, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் வரும். ஆனால் பகிடி குறையவில்லை. "நீங்கதான் பவுடர் போட்டு முடியாம நிண்ட."

"கொஞ்சம் வேல கூடிற்று மாமி," என்று அம்ஹா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். "கைக்கு ஒண்டும் செய்யல்லயா மாமா?"

"கைக்கு மூள பதில் சொல்லுதில்லயாம். ஸ்கேன் எடுத்துக் கண்டு புடிச்சிரிக்காங்க. முப்பது வருசமா நான் கேட்டதுக்கு இந்தப் பொம்புளையும்தான் பதில் சொன்னல்ல. இவக்கு யாரு ஸ்கேன் எடுத்த?"

"நான் பதில் சொல்லியிரிந்தா நீங்க அண்டைக்கே படுத்திரிப்பீங்க," என்றாள் சுல்பிகா.

அம்ஹா சிரித்தாள். பாதியில் நிறுத்தினாள். மாமா ஸ்கேனுக்குப் போனது அவளுக்குத் தெரியும். பாரிசவாதம் வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு ஸ்கேனுக்குப் போகத்தான் செய்கிறார்கள். எந்த ஸ்கேன் என்று அவள் கேட்டிருக்கவில்லை.

"அதுக்குள்ள பந்து தந்தாங்களா மாமா?"

"ஓம். பச்ச வட்டம் வந்தா அமத்தணும். ஒரு வேன்ல ஏழு பேர் போன. நாலு பேரத் தள்ளிப் போட்டாங்க."

சுல்பிகா கிளினிக் கொப்பிக்குள்ளிருந்து ஸ்கேன் இலக்கம் எழுதிய ஒரு காகிதத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அதில் பதினேழு என்று இருந்தது.

அம்ஹா "பதில் இல்லை" என்று எழுதிய நான்கு இலக்கங்களில் அதுவும் ஒன்று. நான் கை துடைக்கும் துவாயை வாங்கிச் சுருட்டி அவர் வலக்கையில் வைத்தாள். தொலைபேசியில் விநாடி காட்டும் பக்கத்தைத் திறந்தாள்.

"நான் 'இப்ப' எண்டு சொன்னா, அங்க அமத்தின மாதிரியே அமத்துங்க மாமா. இப்ப."

ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய உதடு மட்டும் அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது. அது நின்ற பிறகு மூன்று விரல்கள் துவாயை மெல்ல நெரித்தன. மிகக் கொஞ்சம். ஆனால் நெரித்தன.

"வாய்க்குள்ள என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்ற? பிஸ்மிதான். பிஸ்மி சொல்லாம ஒரு வேலயத் தொடங்கிறயா நீ?"

"அங்கயும் சொன்னீங்களா?"

"அங்க கதைக்கக் கூடாதெண்ட. மனசுக்குள்ள சொன்ன. ஒவ்வொரு வட்டத்துக்கும் சொன்ன. இப்ப நாக்கும் தடக்குது, மனசும் தடக்குது. அதுக்காக அல்லாஹ்ட பேர அரைகுறையாச் சொல்ல ஏலுமா?"

தொலைபேசியில் நான்கரை விநாடி என்று இருந்தது. மறுபடியும் செய்யச் சொன்னாள். நான்கு. அடுத்தது ஐந்து.

நான் முப்பத்தொரு வருடம் வார்டில் நின்றவள். வில்லையை விழுங்கும் முன், ஊசிக்குக் கையை நீட்டும் முன், முதல் அடி எடுத்து வைக்கும் முன் நோயாளர் அல்லாஹ்வின் பெயரால் தொடங்கும் அந்தச் சொல்லைச் சொல்வதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பேன். எத்தனை விநாடி என்று எண்ணியதில்லை. பேச்சு விழுந்தவருக்கு அது நீளும் என்றும் யோசித்ததில்லை. வலக்கை விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் விழுகிறது. தள்ளப்பட்ட நான்கு பேருக்கும் பேச்சு விழுந்திருந்தது என்று ஜெஸீம் சொல்லியிருந்தார். மற்ற மூவரும் சட்டென்று சொல்லிச் சட்டென்று அமுக்கியிருப்பார்கள்.

அம்ஹா எழுந்தாள். "நான் போயிற்று வாறன் மாமி," என்றவள், செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். சுல்பிகா அடுப்பில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். "இவளுக்கு என்ன புடிச்ச?" என்று என்னைக் கேட்டாள். எனக்கும் அப்போது தெரியாது.

கணக்கு பிழைத்தால் திருத்தலாம். அம்ஹாவைப் பிடித்தது கணக்கல்ல.

கொழும்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கணினியைத் திறக்கும் முன் வாய்க்குள் பிஸ்மி சொல்வாள். பக்கத்து மேசையிலிருந்தவன் ஒருநாள், "மந்திரம் போட்டாத்தான் உங்க மெஷின் ஓடுமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து உதடு அசையாமல் சொல்லப் பழகினாள். "ஒண்டு" என்பதை "ஒன்று" என்று சொல்லவும் பழகினாள். இவை சின்ன விடயங்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், இந்த ஆய்வைத் திட்டமிட்ட கூட்டத்தில், குழுத் தலைவி டொக்டர் மேனுஜா அவளைப் பார்த்துக் கேட்டார்: உங்கள் ஊர் ஆட்கள் வட்டம் தெரிந்ததும் உடனே அமுக்குவார்களா, நாங்கள் கவனிக்க வேண்டிய பழக்கம் ஏதும் உண்டா? அந்தக் கேள்விக்காகவே அவளைக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். அந்தக் கணமே அவளுக்குப் பிஸ்மி ஞாபகம் வந்தது. மேசைக்கு எதிரே, மந்திரமா என்று கேட்ட அதே ஆள் உட்கார்ந்திருந்தான். "இல்லை, எல்லாரையும் போலத்தான்," என்றாள்.

தெரியாமல் சொன்னதல்ல. தெரிந்து சொன்னது. தன் ஆட்களைப் பற்றி ஒரு சிரிப்பு எழும்பிவிடக் கூடாது என்று சொன்னது. இதை என்னிடம் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு மாதத்துக்கு முன் பதினேழாம் இலக்கத்தைக் கணக்கிடும்போது, பத்தாவது விநாடியை ஒட்டி ஒரு சின்ன மேட்டை அவள் கண்டிருந்தாள். அச்சு ஆறாவது விநாடியில் உச்சத்தைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. பிந்தி வந்த மேட்டை இரைச்சல் என்று தாண்டிப் போனாள். பந்துக்குள் ஓர் அளவி இருந்தது. நோயாளி உண்மையில் அமுக்கிய நேரத்தை அது தனிக் கோப்பில் பதிந்திருந்தது. அந்தக் கோப்புகளை அவள் திறக்கவே இல்லை. எல்லோரையும் போலத்தானே.

அன்று மஃரிபு தொழுதுவிட்டு அவற்றைத் திறந்தாள். வட்டத்துக்கும் அமுக்கலுக்கும் இடையில் பதினேழுக்கு நான்கு விநாடி, நான்கரை, ஐந்து. பத்தொன்பதுக்கும் அப்படி. இருபத்தொன்றுக்கும் இருபத்திரண்டுக்கும் அப்படி. வட்டத்தை விட்டுவிட்டு, அமுக்கிய நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள். அச்சையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு விநாடியையும் தனித்தனியாகக் கேட்டாள். பதினேழின் கோடு தள்ளாடித் தள்ளாடி எழுந்து, ஆறாவது விநாடியில் நின்று, வடிந்தது. உயரம் குறைவு. ஆனால் ஐயமில்லை. பத்தொன்பதும் இருபத்தொன்றும் அப்படியே எழுந்தன. இருபத்திரண்டு எழும்பவில்லை. மூன்று தடவை பார்த்தாள். எழும்பவில்லை.

பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு முர்ஷித் வந்து கதவில் நின்றார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப புது முறையில பாத்த எண்டு அனுப்பு," என்றார்.

"முடிவப் பாத்துப்போட்டு முறைய மாத்தினா அது கள்ளம். காரணம் கேப்பாங்க."

"சொன்ன உடன அவங்க அமத்தல்ல எண்டு எழுது. அது உண்மதானே."

"சொன்னபடி செய்யாத ஆக்கள எடுக்கிறல்ல. விதி இரிக்கி. அப்பிடி எழுதினா மாமா நிரந்தரமா வெளியால. வட்டத்துக்கும் கைக்கும் நடுவுல அவங்கட வழக்கம் நிக்கும் எண்டு முதலே தெரிஞ்சிரிந்தா, அதுக்கேத்த மாதிரித்தான் கணக்குப் போட்டிரிப்பாங்க. அதச் சொல்லவேண்டிய ஆள் நான். என்னக் கேட்டாங்க. நான் இல்ல எண்ட."

முர்ஷித் யோசித்தார். "நீ இல்ல எண்டது இப்ப யாருக்கு ஞாபகம் இரிக்கப்போகுது?"

"எனக்கு இரிக்கே."

வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லக்கூடிய வீடு அல்ல அது. சொல்லவேண்டாம் என்று சொல்லக்கூடிய மனிதரும் அல்ல அவர்.

மறுநாள் காலை ஏழரைக்கு நான் ஜெஸீமின் வீட்டுக்குள் போகும்போது அம்ஹா ஏற்கனவே கட்டிலடியில் நின்றுகொண்டிருந்தாள். கதிரை இருந்தது. உட்காரவில்லை. சுபஹு தொழுகைக்குப் பிறகே பந்தின் கோப்புகளையும் புதுக் கணக்கையும் குழுவுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். பிறகு, உங்கள் மூளை பதில் சொல்கிறது, பதில் இல்லை என்று எழுதியவள் நான்தான், என்றாள். கூட்டத்தில் கேட்டதையும் தான் மறைத்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னாள்.

ஜெஸீம் கேட்ட முதல் கேள்வி அவள் எதிர்பாராதது.

"அப்ப நான் பிஸ்மி சொன்னது பிழயா?"

"இல்ல மாமா. நீங்க சரி. நான் எண்ணத் தொடங்கின இடம் பிழ."

"உனக்குத் தெரியாதா நாங்க சொல்லுவம் எண்டு? நீ வேற ஊர்லயா பொறந்த?"

"தெரியும்."

"பொறகு?"

"வெக்கப்பட்டன்."

"எதுக்கு? எங்களுக்கா?"

அவள் ஓம் என்று தலையை அசைத்தாள். சுல்பிகாதான் வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை.

"ஒரு மாசமா இந்த மனிசன் சோத்தையும் இடக்கையால தின்னமாட்டன் எண்டு என்ர கையப் பாத்துக்கொண்டு கிடந்த. கை மௌத்து, மௌத்து எண்டு. ரெண்டு ஒழுங்கைக்கு அங்கால நீ இரிந்திரிக்கா."

அம்ஹா தொலைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, டொக்டர் மேனுஜாவை அழைத்தாள். தான் அனுப்பியவற்றுக்கு விளக்கம் தேவை என்றாள். எங்களிடம் சொன்னதையே, சொல் மாற்றாமல், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள். அந்தப் பக்கம் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"அந்தக் கூட்டக் குறிப்பு என்னிடம் இருக்கு அம்ஹா," என்றார் டொக்டர். "'பழக்கம் எதுவும் இல்லை' என்று எழுதி, பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன்."

"ஓம் டொக்டர்."

"பட்டியலை இன்றைக்கு மூட மாட்டேன். கோப்புகளை வேறு ஒருவர் முதலிலிருந்து கணக்குப் போடுவார். அவருக்கும் இதே கோடு வந்தால் சேர்ப்போம். வரும் என்று நான் இப்போது யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. உங்களைப் பற்றி வெள்ளிக்கிழமை கதைப்போம்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. ஜெஸீம் அம்ஹாவைப் பார்க்கவில்லை. இடக்கையால் வலக்கையைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். நான் வெந்நீரில் துவாயை நனைத்துப் பிழிந்து மணிக்கட்டில் சுற்றினேன். விரல்கள் திறக்க மறுத்தன. ஒரு மாதம் சும்மா கிடந்த கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மூன்று மாதம் பிடிக்கும். அதை அம்ஹாவுக்கும் கேட்கும்படி சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

சுல்பிகா தேத்தண்ணீர் கொடுக்கவில்லை. ஆனால் வாசல்வரை வந்து, வேனில் போய்த் தள்ளப்பட்ட மற்ற மூவரின் வீடுகளைச் சொன்னாள். ஒருவர் நிந்தவூர். ஒருவர் மருதமுனை. இன்னொருவர் இதே ஊரில், கடற்கரைப் பக்கம், மகளோடு இருக்கிற பெண். மூன்று பேரும் அந்தத் துண்டை வைத்திருப்பார்கள் என்றாள்.

அம்ஹா கடற்கரை வீட்டுக்கு முதலில் போனாள். மூன்று துண்டுகளில் ஒன்றில், மறுபடி கணக்கிட்டும் கோடு எழும்பாத இருபத்திரண்டு இருக்கும். அது யாருடைய கையில் இருக்கிறது என்று அவளுக்கு இன்னும் தெரியாது.